தொண்டைப் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனை: எடுக்கலாமா?

ஆலங்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. பொங்கல் கழிந்ததில் இருந்தே குரல் கரகரவென்றுதான் இருந்தது. சளி, வெயில், தோட்டத்தில் நின்று கத்தியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், அப்புறம் மயக்கம் கொடுத்துச் சதை எடுத்து அனுப்பினார்கள். ‘குரல்நாணில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, டி2 என்0’ என்று ரிப்போர்ட் வந்தது. கழுத்தில் கட்டி இல்லை, கதிர்வீச்சு மட்டும் போதும், உடனே ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

இதற்குள் ஒரு தனியார் லேபைச் சேர்ந்தவர் எப்படியோ விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி ‘மைக்ரோ ஆர்.என்.ஏ. பேனல்’ பார்ப்பார்களாம். 2024 நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும், கதிர்வீச்சு கேட்குமா கேட்காதா என்று அதில் தெரிந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்கிறார். அவர் கேட்கிற தொகை பெரியம்மா பீடி சுற்றிச் சேர்த்த சீட்டுப் பணத்தைவிட அதிகம். பெரியப்பா மகன் நகையை அடகு வைத்தாவது எடுத்துவிடுவோம் என்று நிற்கிறான். அப்பா உயிர் விஷயம், அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது என்ன? நிஜமாகவே தொண்டைப் புற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காது மூக்கு தொண்டை

தம்பி, நான் காது மூக்கு தொண்டை டாக்டர். முதலில் அவசரமான பதில். கதிர்வீச்சைத் தள்ளிப் போடாதீர்கள்.

குரல்நாணில் வருகிற புற்று, தொண்டைப் புற்றுகளிலேயே கொஞ்சம் இரக்கமுள்ளது. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அதனால் கழுத்து நெறிகளுக்குச் சீக்கிரம் பரவாது. அதோடு, சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக் கொடுத்துவிடும். குரல்நாணுக்கு மேலேயோ, உணவுக்குழாய் தொடங்குகிற இடத்திலேயோ வந்திருந்தால் கதை வேறு. அங்கெல்லாம் நோய் வெகு நாள் சத்தம் காட்டாது. விழுங்கும்போது உறுத்தல், ஒரு பக்கக் காதுவலி என்று வந்து நிற்கும்போது பலருக்கும் கழுத்தில் நெறி கட்டியிருக்கும்.

ரிப்போர்ட்டில் ‘டி’ என்பது கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நிலை, ‘என்0’ என்றால் கழுத்து நெறிகளுக்குப் போகவில்லை என்று அர்த்தம். டி1 நிலையில் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தாலே பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அந்த இடத்தில் நோய் கட்டுப்படுகிறது. டி2-இல் அது கொஞ்சம் குறையும், ஆனாலும் நல்ல வாய்ப்புதான். அந்த வாய்ப்பை மூன்று வாரம் ஆறப்போட எந்தக் காரணமும் இல்லை. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே மரண அபாயம் கூடுகிறது என்று 2020-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அதில் தலை, கழுத்துப் புற்றுக்கான கதிர்வீச்சும் சேர்த்தி.

அந்தப் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் நான் பெரியப்பாவுக்குச் சொல்லப்போகிற சிகிச்சை மாறாது. அறிவியல் பக்கத்தை விவரமாகச் சொல்ல இங்கே வேறு ஆள் இருக்கிறார். கல்லிடைக்காரி அக்கா, நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

கல்லிடைக்காரி

ஆலங்குளத்துத் தம்பிக்கு: டாக்டர் சொன்னதுதான் முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நான் ஆர்.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீங்கள் கேட்ட ‘சம்பந்தம் உண்டா’ என்பதற்கு உண்டு என்றுதான் பதில். அதுவும் ஆழமான சம்பந்தம்.

நம் செல்லில் இருக்கிற டி.என்.ஏ.வில் புரதம் செய்வதற்கான குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில். அந்த இடத்தில்தான் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. மரபணுவில் இருந்து தூது ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படும், அதைப் பார்த்துப் புரதம் தயாராகும். பள்ளியில் படித்தது இவ்வளவுதான். ஆனால் மீதி இடத்தில் இருந்தும் செல் ஏராளமான ஆர்.என்.ஏ.க்களை நகல் எடுக்கிறது. அவை புரதம் எதையும் செய்வதில்லை. அவற்றில் ஒரு பகுதிக்கு, மற்ற மரபணுக்கள் எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. எங்கள் ஊர் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எல்லாருக்கும் பொது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்பது மடையைத் திறந்து அடைக்கிறவர் கையில் இருக்கிறது. அவர் விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. ஆனால் அவர் கணக்குப் பிசகினால் ஒரு வயல் அழுகும், இன்னொன்று காயும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தக் கூட்டத்தில் மிகச் சின்னது. ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோத்திருக்கிற வேதிப் பொருள்களை எழுத்து என்போம், அந்தக் கணக்கில் ஏறத்தாழ 22 எழுத்து நீளம்தான். முதலில் நீளமாக, கொண்டை ஊசி மாதிரி மடிந்த வடிவில் உருவாகும். செல்லின் உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி ஒரு தடவை வெட்டும். வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி இன்னொரு தடவை வெட்டும். அப்புறம் அந்தச் சின்ன இழை ஆர்கனாட் என்ற புரதத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்துகிற தூது ஆர்.என்.ஏ.வைத் தேடும். பொருந்த வேண்டியது முக்கியமாக அதன் முன்பகுதியில் இருக்கிற ஆறு, ஏழு எழுத்துகள்தான். பொருந்திவிட்டால் அந்தத் தூது சிதையும், அல்லது அதில் இருந்து புரதம் வருவது குறையும். ஆறேழு எழுத்து பொருந்தினால் போதும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடியும். பின்னால் வருகிற குழப்பங்களுக்கெல்லாம் வேர் இதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் கண்டது 1993-இல், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில். விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வுக்கூடம் லின்-4 என்ற சின்ன ஆர்.என்.ஏ.வைக் கண்டது. கேரி ருவ்கனின் ஆய்வுக்கூடம் அது லின்-14 என்ற மரபணுவின் தூதில் போய் ஒட்டி அதை அடக்குகிறது என்று காட்டியது. புழுவின் விநோதம் என்றுதான் பலரும் அப்போது நினைத்தார்கள். 2000-இல் ருவ்கன் குழு லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டது. அது புழுவில் இருக்கிறது, ஈயில் இருக்கிறது, மனிதனிலும் அப்படியே இருக்கிறது என்று தெரிந்ததும்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தப் பரிசு அடிப்படை உயிரியலுக்கு. யாருடைய ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்த சான்றிதழ் இல்லை.

தொண்டைப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை ராத்திரி எழுதுகிறேன்.

முக்கூடல் மகள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆலங்குளத்து அண்ணாச்சி, பெரியப்பா பீடி குடிப்பாரா?

எங்கள் அம்மாவும் பீடி சுற்றுகிறவள்தான். மடியில் முறம், அதில் தூள், பக்கத்தில் ஈரத்துணிக்குள் வெட்டி வைத்த இலை. ராத்திரி பத்து மணிக்கும் விரல் நிற்காது. மறுநாள் காலையில் கடையில் கட்டுகளைக் கொடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும், கிட்டப் போனாலே புகையிலை நெடி. குடிக்கிறவர்களுக்கு வருவது போல, சுற்றுகிறவர்களுக்கும் தொண்டையில் வருமா டாக்டர்? அம்மாவுக்கு இருமல் இருக்கிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆலங்குளத்தான்

ஆமாம் தங்கச்சி, குடிப்பார். வயசுப் பையனாக இருந்ததில் இருந்தே பழக்கம். பெரியம்மா சுற்றுவாள், பெரியப்பா குடிப்பார். விசேஷ வீடுகளில் சாராயமும் உண்டு.

காது மூக்கு தொண்டை

முக்கூடல் தங்கச்சிக்கு: பீடி குடிப்பதால் குரல்வளைப் புற்று வருகிறது என்பது நிரூபணமான விஷயம். பீடியில் இருக்கிற புகையிலை சிகரெட்டைவிட மிகக் குறைவுதான், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது. அணையாமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன. கூடவே மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

சுற்றுகிறவர்கள் விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிறது. பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில், நிக்கோடின் சிதைந்து வருகிற கோட்டினின் அதிகம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இருமல், மூச்சுத்திணறல், தோல் தொந்தரவு, முதுகுவலி எல்லாம் இந்தத் தொழிலில் சகஜம். ஆனால் புகை சூடாகக் குரல்நாணில் போய் மோதுவதும் தூள் படுவதும் ஒன்றல்ல. அம்மாவை நெஞ்சுநோய்ப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சுற்றுகிற இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். தூள் கையோடு சாப்பிட உட்கார வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

கல்லிடைக்காரி

டாக்டர் புகையைப் பற்றிச் சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன்.

பீடிப் புகை டி.என்.ஏ.வை உடைக்கிறது, பி53 மாதிரியான காவல் மரபணுக்களில் பிழை விழுகிறது. இது பழைய செய்தி. அதற்கு அப்பாலும் ஒன்று நடக்கிறது. புகைபிடிப்பவர்களின் மூச்சுப்பாதைச் செல்களை எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2009-இல் வந்தது. மாறியிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவை குறைந்திருந்தன. அவை அடக்கி வைத்திருந்த மரபணுக்கள் தலைதூக்கியிருந்தன. இத்தனைக்கும் அந்தச் செல்கள் புற்றுச் செல்கள் அல்ல. அதாவது கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே நிர்வாகம் குலைய ஆரம்பித்துவிடுகிறது.

கட்டி வந்த பிறகு குரல்வளைத் திசுவில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவற்றில் முக்கியமானது மிர்-21. ‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதன் சுருக்கம். புற்றுத் திசுவில் இது எகிறிவிடுகிறது. இது அடக்குகிற மரபணுக்களில் பிடென், பிடிசிடி4 என்று இரண்டு உண்டு. செல் கட்டுக்கடங்காமல் பெருகவிடாமல் பார்த்துக்கொள்கிற மரபணுக்கள் அவை. மிர்-21 கூடக் கூட அவை வாயடைத்துப் போகின்றன. இன்னொரு பக்கம் மிர்-375 என்பது புற்றுத் திசுவில் குறைந்துவிடுகிறது. லெட்-7 குறைந்தால், செல்லைப் பெருகச் சொல்கிற ராஸ் மரபணு துள்ளும். 2005-இல் இதைக் காட்டினார்கள். மிர்-34ஏ என்பது பி53-இன் கட்டளையில் உருவாவது. பி53 பழுதானால் மிர்-34ஏ-யும் வறண்டுபோகும். டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற இடங்களில் ஹெச்.பி.வி. வைரஸால் வருகிற புற்றில், வைரஸின் இ6 புரதம் பி53-ஐயே சிதைத்துவிடுகிறது. அங்கேயும் முடிவு ஏறத்தாழ இதேதான். பெரியப்பாவின் நோய் பீடியில் இருந்து வந்த வகைதான், வைரஸ் கணக்கு அங்கே பெரிதில்லை.

அப்புறம் நீளமான வகை. 200 எழுத்துக்கு மேல் இருந்து, புரதமும் செய்யாவிட்டால் அது நீள்வகை. அதில் ஹாட்டேர் என்று ஒன்று, 2007-இல் கண்டறியப்பட்டது. 12-ஆம் குரோமோசோமில் உருவாகி, 2-ஆம் குரோமோசோமில் இருக்கிற மரபணுக்களைப் பூட்டுகிறது என்று அப்போது சொன்னார்கள். குரல்வளைப் புற்றில் ஹாட்டேர் அதிகமாக இருப்பதையும், அது பிடென் மரபணுவின் வாசலில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குழுக்கள் ஏறி அது மூடிப்போவதற்குத் துணைபோவதையும் 2013-இல் எழுதினார்கள்.

இங்கே நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். பிடென் தூதை மிர்-21 சிதைக்கிறது. தூது உருவாகும் முன்பே பிடென் மரபணுவை மூட ஹாட்டேர் உதவுகிறது. ஒரே காவலாளியை இரண்டு மட்டத்தில் முடக்குகிற வேலை. அந்த மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாமல் இருந்தாலும் அது இல்லாதது போலவே ஆகிவிடுகிறது. எழுத்துப் பிழையை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. நான் இந்தத் துறைக்குள் வந்ததே இந்த இடத்தைப் படித்த பிறகுதான். இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

9-ஆம் குரோமோசோமில், செல் பெருகுவதைத் தடுக்கிற பி16 மரபணுவுக்குப் பக்கத்திலேயே ஆன்ரில் என்ற நீள்வகை இருக்கிறது, அதுவும் அந்த மரபணுவை அடக்குகிற வேலை செய்கிறது. தலை, கழுத்துப் புற்றுகளில் வெகு ஆரம்பத்திலேயே தொலைந்துபோகிற இடம் அது. வட்ட ஆர்.என்.ஏ. என்று இன்னொரு வகையும் உண்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

கடையம் வாத்தியார்

ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியன் நான். அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

புற்றுத் திசுவில் மிர்-21 கூடியிருக்கிறது, சரி. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? வீடு எரிகிற இடத்தில் புகை இருக்கிறது என்பதற்காகப் புகைதான் தீ வைத்தது என்று சொல்ல முடியுமா? கண்ணாடித் தட்டில் செல்லை வளர்த்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, வருகிற கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1993-இல் இருந்து இத்தனை வருஷம் ஓடிவிட்டது. தொண்டைப் புற்று நோயாளி ஒருவருக்காவது இதனால் மருந்து கிடைத்திருக்கிறதா? நம் ஜனங்கள் காசைக் கரைப்பதற்கு இதுவும் ஒரு பெயராகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

கல்லிடைக்காரி

சார், நியாயமான கேள்வி. முழுசாகவே பதில் சொல்கிறேன்.

காரணமா விளைவா என்பதற்கு: 2010-இல் ஒரு சோதனை செய்தார்கள். எலியில் மிர்-21 ஒன்றை மட்டும் அதிகமாக்கினார்கள். எலிக்கு நிணநீர்ச் செல்களில் புற்று வந்தது. பிறகு மிர்-21-ஐ நிறுத்தினார்கள், கட்டி கரைந்தது. ஆக, குறைந்தபட்சம் ஓர் இடத்தில் அது தீ வைக்கவே செய்கிறது. அதற்கும் முன்னால் 2002-இல், நாள்பட்ட நிணநீர் ரத்தப் புற்றில் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தொலைந்துபோவதற்கான விளக்கம், அங்கே இருந்த மிர்-15, மிர்-16 என்ற இரண்டிலும் கிடைத்தது. மனிதப் புற்றோடு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை முதலில் முடிச்சுப் போட்டது அந்த வேலைதான்.

ஆனால் எல்லாமே இவ்வளவு தெளிவாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மாலட்1 என்ற நீள்வகையை நுரையீரல் புற்று பரவுவதோடு சேர்த்து 2003-இல் சொன்னார்கள். 2012-இல் அந்த மரபணுவையே நீக்கிய எலிகள் சாதாரணமாகப் பிறந்து வளர்ந்தன. மார்பகப் புற்றில் அது பரவலைத் தடுக்கிறது என்றே 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. ஹாட்டேர், பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டத்தைக் கூட்டிப் போய் மரபணுவைப் பூட்டுகிறது என்பது பாடப்புத்தகத்துக்கே போய்விட்ட செய்தி. 2017-இல், அந்தக் கூட்டம் இல்லாமலும் பூட்டு விழுகிறது என்று காட்டிவிட்டார்கள். ஒரே ஆர்.என்.ஏ. நூறு இடத்தைத் தொடும்போது ஒரு திசுவில் செய்வதை இன்னொரு திசுவில் செய்ய வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து எடை போடக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

மருந்து விஷயம். மிர்-34ஏ குறைந்துவிட்டது, அப்படியானால் அதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? அந்த நினைப்பில் எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்தைக் கல்லீரல் புற்று உட்படப் பல புற்றுகளில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து நோயாளிகள் இறந்தார்கள். 2016-இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கூடத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. இன்னொரு பக்கம், இதே ஆர்கனாட் வழியைப் பயன்படுத்துகிற பாட்டிசிரான் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நரம்பைக் கெடுக்கிற ஒரு பரம்பரை நோய்க்கு அது. கல்லீரலுக்குச் சின்ன ஆர்.என்.ஏ.வைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி தெரிந்துவிட்டதால்தான் அது நடந்தது. தொண்டையில் இருக்கிற கட்டிக்கு, பக்கத்துச் செல்லைத் தொடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி இன்னும் கைக்கு வரவில்லை. உங்கள் கேள்விக்கு நேர் பதில்: தொண்டைப் புற்றுக்கு இந்த வழியில் இன்று நடைமுறையில் மருந்து இல்லை.

இந்த வேலை வீண் என்று மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கோபம் எனக்கும் இருக்கிறது. பாதி வெந்ததை எடுத்து, பயந்து கிடக்கிற குடும்பத்திடம் விற்கிறார்களே, அந்தக் கோபம்.

ஆலங்குளத்தான்

அக்கா, நீங்கள் எழுதியதைப் பெரியப்பா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்கிறான்: மிர்-21 கூடும் என்பது உண்மை என்றால், ரத்தத்தில் அதை அளந்து பார்ப்பதில் என்ன தப்பு? நோட்டீஸிலும் மிர்-21 என்றுதான் முதலில் போட்டிருக்கிறது.

கல்லிடைக்காரி

தம்பிக்கு விவரமாகவே சொல்கிறேன், அவருக்கு மரியாதையாகவே சொல்லுங்கள். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ரத்தத்தில் சிதையாமல் சுற்றுகின்றன, அவற்றை வைத்துப் புற்றைக் கண்டுபிடிக்க முடியலாம் என்று 2008-இல் தெரிந்தது. குரல்வளைப் புற்று நோயாளிகளின் ரத்தத்தில் செல்கள் வெளிவிடுகிற நுண்பைகளைப் பிரித்து, அதில் மிர்-21-உம் ஹாட்டேரும் கூடியிருப்பதை 2014-இல் பார்த்திருக்கிறார்கள். எனவே அந்த நோட்டீஸ் காற்றில் இருந்து எழுதியது அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மிர்-21 தொண்டைப் புற்றுக்கு மட்டும் கூடுவதில்லை. நுரையீரல், மார்பகம், குடல் என்று பல புற்றுகளில் கூடுகிறது. இதயத் தசை தழும்பாகும்போதும் கூடுகிறது. பீடி குடித்து நுரையீரல் புண்ணாகிக் கிடக்கிற ஒருவருடைய ரத்தத்தில் அது கூடியிருந்தால், எதனால் என்று யார் சொல்வது?

அடுத்தது, ரத்தம் எடுக்கிற விதம். இதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். ஊசி சின்னதாக இருந்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, பிரித்தெடுக்கத் தாமதமானாலோ சிவப்பணுக்கள் உடையும். மேலே நிற்கிற திரவம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், அது லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறும். கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 எல்லாம் மண்டிக் கிடக்கின்றன, அவை மொத்தமாக வெளியே கொட்டிவிடும். இதில் கொடுமை, பல இடங்களில் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோலாக வைத்துக்கொள்வதே மிர்-16-ஐத்தான். அளவுகோல் நீண்டுவிட்டால் அளந்தது எல்லாம் குட்டையாகத் தெரியும். சித்திரை வெயிலில் ஆலங்குளத்தில் ஒரு வீட்டில் ரத்தம் எடுத்து, பையில் வைத்து, பஸ்ஸில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து கூரியரில் போகிற மாதிரியை நினைத்துப் பாருங்கள்.

எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து, எதற்குக் கீழ் இருந்தால் பயமில்லை என்று எல்லா ஆய்வுக்கூடங்களும் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை. மிர்-21-க்கும் மிர்-375-க்கும் இடையிலான விகிதம் குரல்வளைப் புற்றில் நோயின் போக்கைக் காட்டலாம் என்று ஒரு ஆய்வு உண்டு. அது கட்டியில் இருந்து எடுத்த திசுவில் பார்த்தது, ரத்தத்தில் அல்ல. கதிர்வீச்சு கேட்குமா என்பதைச் சொல்லக்கூடிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒரு நோயாளிக்குச் சிகிச்சையை மாற்றுகிற அளவுக்கு அது பழுக்கவில்லை.

நகையை அடகு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மருத்துவமனையில் நெறிமுறைக் குழு அனுமதியோடு ஆய்வு நடந்து, அவர்களாகவே வந்து பெரியப்பாவிடம் சம்மதம் கேட்டால், தாராளமாக ரத்தமோ திசுவோ கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலிலேயே அது இருக்கிறது. இப்போது எடுத்த பயாப்ஸி, மெழுகுக் கட்டியாக நோயியல் துறையில் இருக்கும். அது பத்திரமாக இருக்கிறதா, எண் என்ன என்று மட்டும் ரிப்போர்ட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போதாவது நம்பகமான பரிசோதனை வந்தால் அதில் இருந்தே பார்க்கலாம்.

லினாக் தம்பி

கதிர்வீச்சு இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன். பெரியப்பாவுக்கு என்ன நடக்கும் என்று சொன்னால் பயம் கொஞ்சம் தெளியும்.

முதல் நாள் கதிர் கிடையாது. மாஸ்க் எடுப்போம். ஓட்டை ஓட்டையாக இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தகடு, வெந்நீரில் போட்டால் துணி மாதிரி தொய்ந்துவிடும். முகத்திலும் கழுத்திலும் வைத்து அமுக்கினால் சில நிமிஷத்தில் அதே வடிவத்தில் இறுகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும், மூச்சுவிடத் தடையில்லை. அந்த மாஸ்க்கோடு சி.டி. எடுத்து, எங்கே எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்டு, அதன் பிறகுதான் தினசரி சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. படுக்கையில் படுத்திருக்கிற நேரம் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். வலி எதுவும் தெரியாது. குரல்நாணுக்கு மட்டும் என்றால் கதிர் படுகிற இடம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வாய் பெரும்பாலும் தப்பிக்கும்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் தொண்டை எரியும், குரல் இன்னும் மோசமாகும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்கவே கூடாது. காரம் குறைத்து, கூழ், கஞ்சி, மோர், குழைந்த சோறு என்று எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் சவரக்கத்தி, பவுடர் எதுவும் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுவந்து பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டோடு காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பீடி ஒன்றுகூடக் கூடாது. சிகிச்சையின்போது புகைபிடிக்கிறவர்களுக்குக் கதிர்வீச்சு சரியாகக் கேட்பதில்லை என்று 1993-லேயே கண்டிருக்கிறார்கள்.

கடையம் வாத்தியார்

கல்லிடை அம்மாவின் பதில் எனக்குத் திருப்தி. எம்.ஆர்.எக்ஸ்.34 பற்றிச் சொன்னதைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். பரிசு வாங்கிய கதை மட்டும்தான் அவர்கள் காதுக்குப் போகிறது, நோயாளிகள் இறந்து நின்றுபோன சோதனையும் அதே அறிவியலின் பகுதிதான். நீங்கள் எப்போதாவது கடையம் பக்கம் வந்தால் எங்கள் பள்ளியில் ஒரு மணி நேரம் பேசுங்கள், ஏற்பாடு நான் செய்கிறேன்.

கல்லிடைக்காரி

கட்டாயம் வருகிறேன் சார். ஊருக்கு வருகிறபோதே வந்துவிடலாம்.

ஆலங்குளத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லேப் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் தள்ளுபடி தருகிறேன் என்றார், அதற்கும் வேண்டாம் என்றோம். இன்று மாஸ்க் எடுத்தாகிவிட்டது, காப்பீட்டில் பதிவும் முடிந்தது. திங்கள்கிழமை முதல் கதிர். பெரியப்பா மகன் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருக்கப் போகிறான்.

ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். சித்தப்பாவும் அதே மாதிரி பீடி குடிக்கிறவர். பெரியப்பாவுக்கு வந்ததால் தனக்கும் ரத்தத்தில் இருக்குமோ என்று பயப்படுகிறார். ஆர்.என்.ஏ. கோளாறு என்றால் பரம்பரையா?

காது மூக்கு தொண்டை

பரம்பரை இல்லை தம்பி. அக்கா சொன்ன மாற்றங்கள் எல்லாம் கட்டியின் செல்களிலும் புகை பட்ட செல்களிலும் நடந்தவை, பிறக்கும்போதே வந்தவை அல்ல. சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருப்பது பீடிதான். அவருக்கு எந்த மரபணுப் பரிசோதனையும் தேவையில்லை.

குரல் மாற்றம், விழுங்கும்போது உறுத்தல், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் நெறி, இதில் ஏதாவது மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் ஒருமுறை கூட்டி வாருங்கள், கண்ணாடி வைத்தோ குழாய் விட்டோ பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. வரும்போது இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள், குமட்டாமல் இருக்கும். அன்றைக்கே பீடி நிறுத்துகிற ஆலோசனைக்கும் அனுப்பி வைக்கிறேன்.